கிறிஸ்தவ ஈமோ ராக்: புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். தேடினால் வந்து விழும் அந்த நூறு பாட்டு பிளேலிஸ்ட் இருக்கிறதே, அதை மூடிவிடுங்கள். இந்த இசையை அப்படிக் கலந்துகட்டிக் கேட்டால் எல்லாம் ஒரே கூச்சலாகத்தான் காதில் விழும், நாலாவது பாட்டிலேயே நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுவீர்கள். கிறிஸ்தவ ஈமோ ராக்கை ஆல்பம் ஆல்பமாகத்தான் கேட்க வேண்டும். அதிலும் ஒரே மனிதன் இருபது வயதில் கடவுளிடம் என்ன பேசினான், முப்பதில் என்ன கேட்டான், நாற்பதில் பேச்சையே நிறுத்திவிட்டானா என்று வருடக்கணக்காக அவன் கூடவே போய்க் கேட்க வேண்டும். பதின்ம வயதில் இதற்குள் வருபவர்களுக்கு அதற்கு நேரமும் இருக்கிறது, மனசும் இருக்கிறது. ஆகவே இது முதலில் உங்களுக்காக. பிள்ளையின் அறையிலிருந்து வரும் அலறலைக் கேட்டுக் கலங்கிப்போன பெற்றோருக்கும் கீழே கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

ஈமோ என்பது 1980களின் நடுவில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து ஹார்ட்கோர் பங்க் இளைஞர்களிடமிருந்து வந்தது. அரசியல் கோபத்தைக் கத்திக்கொண்டிருந்த அந்த இசையில் சிலர் தங்கள் சொந்தத் துக்கத்தையும் வெட்கத்தையும் கத்த ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான் தொடக்கம். 1990களில் அது சியாட்டில், டெக்சஸ், இல்லினாய் என்று பரவியபோது, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய் வளர்ந்த ஒரு தலைமுறைப் பையன்களின் கையில் கிட்டார் இருந்தது. அவர்களுக்குத் துக்கம் என்றால் அதில் கடவுளும் இருப்பார். குற்றவுணர்வு என்றால் பாவம், கிருபை என்ற சொற்களும் கூடவே வரும். இவர்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்ததில் பெரிய பங்கு டூத் அண்ட் நெயில் என்ற லேபிளுக்கு, அதாவது ஆல்பங்களை வெளியிடும் நிறுவனத்துக்கு. பிராண்டன் ஈபெல் 1993இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, கொஞ்ச நாளிலேயே சியாட்டிலுக்குக் கொண்டுபோன நிறுவனம் அது. கனமான இசைக்கென்று அவர்களே சாலிட் ஸ்டேட் என்று ஒரு கிளையும் வைத்தார்கள். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேடும்போது உதவும்.

அமெரிக்கப் பிள்ளைகள் அப்போது இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் கிறிஸ்தவப் புத்தகக் கடையில். வேதாகமமும் வாழ்த்து அட்டையும் விற்கும் கடையின் ஒரு மூலையில் சி.டி. அலமாரி இருக்கும், அங்கே வாங்கினால் வீட்டில் கேள்வி வராது. இன்னொரு வழி இல்லினாயின் புஷ்னெல் என்ற சின்ன ஊருக்கு வெளியே நடந்த கார்னர்ஸ்டோன் திருவிழா. சிகாகோவின் ஜீசஸ் பீப்பிள் யு.எஸ்.ஏ. என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் 1984இல் வேறு இடத்தில் தொடங்கி, 1991 முதல் 2012 வரை இங்கே நடத்தியது. பெரிய மேடைகள் போக, பெயர் தெரியாத பேண்ட்கள் சொந்தமாக ஜெனரேட்டர் கொண்டுவந்து கூடாரம் போட்டு வாசிக்கும். பல பேர் தங்களுக்குப் பிடித்த பேண்டை முதலில் கேட்டது அந்த ஜெனரேட்டர் மேடைகளில்தான்.

முதல் படி: மெல்லியதிலிருந்து தொடங்குங்கள்

முதல் ஆல்பத்துக்கு நான் சொல்வது ரிலையன்ட் கே பேண்டின் 'ம்ம்ஹ்ம்' (2004). ஓஹையோ மாநிலத்துக் கேண்டன் ஊர்க்காரர்கள். அதற்கு முன்பு விளையாட்டுத்தனமான பாப் பங்க் பாடிக்கொண்டிருந்தவர்கள், இந்த ஆல்பத்தில் பியானோவைச் சேர்த்து, தன்னைத் தானே பிடிக்காமல் போவதைப் பற்றி நேராகப் பாடினார்கள். 'நான் விரும்புகிறதைச் செய்யாமல், நான் வெறுக்கிறதையே செய்கிறேன்' என்று ரோமர் 7இல் பவுல் புலம்புவது நினைவிருக்கிறதா, அந்த மனநிலையில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் பாடினால் எப்படி இருக்கும் என்பது இதில் கிடைக்கும். ராகம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் காது வலிக்காது.

அதற்கு அடுத்தது ஆன்பர்லின். ஃபுளோரிடாவின் விண்டர் ஹேவன் ஊர். 'நெவர் டேக் ஃபிரெண்ட்ஷிப் பெர்சனல்' (2005), 'சிட்டீஸ்' (2007) இரண்டில் எதிலிருந்தும் தொடங்கலாம்; ஒன்றுதான் கேட்பேன் என்றால் 'சிட்டீஸ்' கேளுங்கள். அதன் கடைசிப் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், வெறும் கிட்டாரில் அடங்கித் தொடங்கி ஒரு கூட்டமே சேர்ந்து பாடும் இடம் வரை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்காதீர்கள், முன்னால் உள்ள பதினொன்றையும் கேட்டுவிட்டு அதற்கு வாருங்கள், வித்தியாசம் தெரியும். மென்மை இன்னும் வேண்டுமென்றால் கோப்லண்ட் பேண்டின் 'பினீத் மெடிசின் ட்ரீ' (2003). அதன் பாடகர் ஏரன் மார்ஷ் தன் காதலி மருத்துவமனையில் இருந்த நாட்களையும் பாட்டி இறந்ததையும் வைத்து எழுதியது. இதில் கத்தல் துளியும் இல்லை.

இந்தப் படியில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை பாட்டு வரிகளைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, அமெரிக்கர்களுக்கே பாதி வரி காதில் விழாது. வரியைப் படிக்கும்போது 'நீ' என்று யாரைச் சொல்கிறான் என்று ஒவ்வொரு பாட்டிலும் கேட்டுப் பாருங்கள். காதலியா, கடவுளா, அப்பாவா, தன்னையேவா? இந்த இசையில் அது பல இடத்தில் வேண்டுமென்றே கலந்து கிடக்கும். முதல் பாதி காதலிக்கு எழுதிய கடிதம் போல இருக்கும், கடைசிப் பாதியில் அது ஜெபம் என்று தெரியவரும். இதைக் கவனிக்கப் பழகிவிட்டால் பாதி ரசனை கைக்கு வந்த மாதிரி.

அலறல் வரும்போது என்ன செய்வது

நிறையப் பேர் நின்றுவிடும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

அண்டர்ஓத் என்று ஒரு பேண்ட், ஃபுளோரிடாவின் டாம்பா. அவர்களுடைய 'தேர் ஒன்லி சேஸிங் சேஃப்டி' (2004) ஆல்பத்தில் இரண்டு குரல்கள். ஸ்பென்சர் சேம்பர்லைன் அலறுவார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஏரன் கில்லெஸ்பி இனிமையாகப் பாடுவார். இந்த இரண்டையும் சண்டையாகக் கேட்காதீர்கள். ஒரே ஆளுக்குள் நடக்கும் இரண்டு பேச்சாகக் கேளுங்கள். ஒன்று உள்ளே நடப்பதை அப்படியே கொட்டுகிறது, இன்னொன்று அதற்குப் பதில் சொல்லவோ ஆறுதல் சொல்லவோ பார்க்கிறது. முதல் தடவை சத்தத்தைக் குறைத்து வைத்து, பாடும் குரலை மட்டும் பின்தொடருங்கள், அலறலை ஒரு வாத்தியம் போலப் பின்னால் விட்டுவிடுங்கள். ரெண்டு மூன்று தடவைக்குப் பிறகு வரிகளைப் பார்த்தால், அலறும் இடங்கள்தான் பாட்டிலேயே வெட்கமில்லாமல் உண்மை பேசும் இடங்கள் என்று தெரியும். இதே ஆல்பத்தில் மேலே சொன்ன கோப்லண்டின் ஏரன் மார்ஷும் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். பழகிய குரல் ஒன்று உள்ளே இருப்பது புதியவர்களுக்குத் தைரியம் தரும்.

அதன் அடுத்த ஆல்பம் 'டிஃபைன் த கிரேட் லைன்' (2006) இன்னும் இருட்டு, இன்னும் கனம். அது வெளியான வாரமே அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போனது. அலறிக்கொண்டே கடவுளிடம் மன்றாடும் ஒரு ஆல்பம் அத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. என் கணக்கில் இதுதான் அவர்களுடைய சிறந்த ஆல்பம். ஆனால் முந்தையதைக் கேட்காமல் இதற்கு வராதீர்கள்.

அப்புறம் எமரி. தென் கரோலினாவின் ராக் ஹில் ஊரிலிருந்து கிளம்பி சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தவர்கள். 'த வீக்ஸ் எண்ட்' (2004), 'த கொஸ்சன்' (2005) இரண்டும் போதும். டோபி மாரலும் டெவின் ஷெல்டனும் பாட்டின் வரிகளை மாற்றி மாற்றிப் பாடுவார்கள், சில இடத்தில் இருவரும் வேறு வேறு வரியை ஒரே நேரத்தில் பாடுவார்கள். ஹெட்போனில் கேளுங்கள், ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, மற்றதைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. ஹெட்போன் என்றதும் ஞாபகம் வருகிறது, சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். இந்த வகைப் பதிவுகள் ஏற்கெனவே சத்தமாகவே செய்யப்பட்டவை, கெட்டுப்போன காது திரும்ப வராது. அலறிப் பார்க்க ஆசை வந்தால், தொண்டை எரிந்த அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். முறையாக அலறுபவர்கள் அடிவயிற்று மூச்சில் செய்கிறார்கள், தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை.

மீவிதவுட்யூ: இங்கே கொஞ்சம் நில்லுங்கள்

இந்த இசையில் ஒரே ஒரு பேண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் தயங்காமல் மீவிதவுட்யூ என்பேன். ஃபிலடெல்பியாக்காரர்கள். ஏரன் வைஸ், அவருடைய சகோதரர் மைக்கேல் வைஸ், மற்ற நண்பர்கள். ஏரன் பெரும்பாலும் பாடுவதில்லை, பேசுவார். பேச்சு மெல்ல மெல்லச் சூடேறிக் கத்தலாகும், அப்புறம் திடீரென்று சரிந்து முணுமுணுப்பாகும். முதலில் விசித்திரமாக இருக்கும். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு நல்ல பிரசங்கியார் குரலை ஏற்றி இறக்குவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

'கேட்ச் ஃபார் அஸ் த ஃபாக்சஸ்' (2004) முதலில். பெயர் உன்னதப்பாட்டிலிருந்து வந்தது, திராட்சத்தோட்டத்தைக் கெடுக்கிற குழிநரிகளையும் சிறுநரிகளையும் பிடியுங்கள் என்ற அந்த வசனம். அடுத்து 'பிரதர், சிஸ்டர்' (2006). என் பார்வையில் இந்த வகையிலேயே உச்சம் அதுதான்.

மூன்றாவதாக 2009இல் வந்த 'இட்ஸ் ஆல் கிரேஸி! இட்ஸ் ஆல் ஃபால்ஸ்! இட்ஸ் ஆல் எ ட்ரீம்! இட்ஸ் ஆல்ரைட்'. கிட்டாரின் சத்தம் அடங்கி, நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஆகிவிட்ட ஆல்பம். தமிழ் வாசகர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், காரணம் இருக்கிறது. வைஸ் சகோதரர்களின் பெற்றோர் சூஃபி வழிக்கு வந்தவர்கள், தந்தை யூதப் பின்னணியில் பிறந்தவர். அவர்கள் சேர்ந்திருந்தது ஃபிலடெல்பியாவில் பாவா முஹையத்தீன் என்ற குருவைச் சுற்றி உருவான சமூகத்தில். பாவா இலங்கையிலிருந்து போனவர். யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஆசிரமம் இருந்தது, இந்துக்களும் முஸ்லிம்களும் அவரைத் தேடி வந்தார்கள். 1971இல் ஃபிலடெல்பியாவுக்குப் போய், 1986இல் அங்கேயே மறைந்தார். அவர் பேசியது முழுக்கத் தமிழில். கதைகள், பாட்டுகள், உபதேசங்கள் எல்லாம் தமிழில் சொல்லி, பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்வார். அந்த ஆல்பத்தின் பெயரும், அதில் உள்ள பல கதைகளும் பாவாவின் பேச்சிலிருந்து வந்தவை.

ஆகவேதான் ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் ஆல்பத்தில் தென்னந்தோப்பு வருகிறது. அந்தப் பாட்டில் வண்டுகள் தூரத்தில் ஒரு நெருப்பைப் பார்க்கின்றன. அது என்ன என்று அறிந்து வர வண்டு ராஜா ஆளனுப்புகிறது. படித்த வண்டு ஒன்று போய் ஏட்டுப் படிப்பாக ஒரு விளக்கத்தோடு திரும்புகிறது, படைவீர வண்டு ஒன்று கிட்டே போய்ச் சுட்டுக்கொண்டு திரும்புகிறது, கடைசியில் ராஜாவே போய் நெருப்புக்குள் பாய்கிறது. சூஃபிக் கவிதைகளில் விளக்கைத் தேடிப் போகும் விட்டில் பூச்சிகளின் கதையைப் படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரியும். பாட்டின் முடிவிலோ பாலைவனத்துக் கிறிஸ்தவத் துறவிகளின் பழைய கேள்வி ஒன்று வந்து சேர்கிறது, முழுவதும் நெருப்பாகவே மாறிவிட்டால் என்ன என்பது. தமிழ் பேசிய ஒரு முஸ்லிம் குருவின் கதை, எகிப்தியப் பாலைவனத் துறவியின் சொல், ஃபிலடெல்பியா பையனின் குரல், மூன்றும் சில நிமிடத்துக்குள். நான் கேட்ட ராக் பாட்டுகளில் இதற்கு இணை அதிகம் இல்லை.

அதே ஆல்பத்தில் நரி, காகம், பிஸ்கட் என்று ஒரு பாட்டு இருக்கிறது. பாட்டி வடை சுட்ட கதையின் நெருங்கிய உறவு, தள்ளுவண்டியில் பலகாரம் விற்கும் ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் தொடங்கும். காகம் ஏமாறுகிறதா இல்லையா என்பதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பாட்டை அவர்களுக்கும் போட்டுக் காட்டலாம்.

இவர்கள் 2022இல் கடைசிக் கச்சேரிகளை நடத்திவிட்டுக் கலைந்துவிட்டார்கள். ஆல்பங்கள் எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன.

பின்னோக்கிப் போங்கள்

இப்போது வேருக்குப் போகலாம். சன்னி டே ரியல் எஸ்டேட், சியாட்டில், 'டயரி' (1994). கிறிஸ்தவ லேபிள் அல்ல, சப் பாப் வெளியிட்டது. அந்தச் சமயத்தில்தான் பாடகர் ஜெரமி எனிக் கிறிஸ்தவராக மாறினார், அடுத்த ஆண்டு பேண்ட் பிரிந்தது, இருவர் ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்டுக்குப் போனார்கள். பிரிவுக்குப் பிறகு 1995இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் வரிகள் பல இடத்தில் அரைகுறையாக, சொல்லாகவே உருவாகாமல் நிற்கும். அந்தக் குரல்தான் எல்லாவற்றையும் சொல்கிறது. மேலே சொன்ன 'பிரதர், சிஸ்டர்' ஆல்பத்தில் இதே எனிக் வந்து பாடியிருக்கிறார். இன்னொரு தொடர்பும் உண்டு: 'டயரி'யைத் தயாரித்த பிராட் வுட்தான் 'கேட்ச் ஃபார் அஸ் த ஃபாக்சஸ்', 'பிரதர், சிஸ்டர்' இரண்டையும் தயாரித்தவர்.

டெக்சஸின் மினரல். 'த பவர் ஆஃப் ஃபெயிலிங்' (1997), 'எண்ட்செரனேடிங்' (1998), இரண்டே ஆல்பம், இரண்டாவது வெளிவரும் முன்பே பிரிந்துவிட்டார்கள். பதிவின் தரம் கரடுமுரடாக இருக்கும், குரல் சுருதியை விட்டு நழுவும், கிறிஸ் சிம்ப்சன் அழுகிறாரா பாடுகிறாரா என்று சில இடத்தில் தெரியாது. கிருபையைப் பற்றி எவ்வளவோ பாட்டு இருக்கிறது. அதற்குத் தான் தகுதியில்லை என்று இவ்வளவு நேராக நம்பிப் பாடிய குரல் எனக்கு வேறு கிடைக்கவில்லை. மழைநாளில் கேளுங்கள், பரீட்சைக்கு முந்தின இரவு வேண்டாம்.

ஃபர்தர் சீம்ஸ் ஃபாரெவர் பற்றி ஒரு வரி. ஃபுளோரிடா பேண்ட், முதல் மூன்று ஆல்பத்துக்கு மூன்று பாடகர்கள். முதல் ஆல்பம் 'த மூன் இஸ் டவுன்' (2001) பாடிய கிறிஸ் கராபாதான் பிறகு டேஷ்போர்ட் கன்ஃபெஷனல் மூலம் பெரிய புகழ் பெற்றார். அந்த முதல் ஆல்பம் போதும்.

விசுவாசம் போனவர்களின் பாட்டையும் கேளுங்கள்

இந்த வழியில் போனால் இந்தக் கேள்விக்கு வந்தே ஆக வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் உயிராக நேசிக்கும் பாடகர் இன்று விசுவாசியாக இல்லாமல் இருக்கலாம். அண்டர்ஓத் 2013இல் பிரிந்து, திரும்பச் சேர்ந்து, 2018இல் 'இரேஸ் மீ' வெளியிட்டபோது தங்களைக் கிறிஸ்தவ பேண்ட் என்று இனி அழைத்துக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பல ரசிகர்களுக்கு அது வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

பெட்ரோ த லயன் இன்னும் நீண்ட கதை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது அநேகமாக ஒரே ஆள், டேவிட் பசான். அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபையில் தந்தை இசை ஊழியம் செய்ய, அதே சபைச் சூழலில் வளர்ந்தவர். 1997இல் டூத் அண்ட் நெயிலில் ஒரு சின்ன வெளியீடு, பிறகு 'இட்ஸ் ஹார்ட் டு ஃபைண்ட் எ ஃபிரெண்ட்' (1998). 'வின்னர்ஸ் நெவர் க்விட்' (2000) இரண்டு சகோதரர்களின் கதை, வெளியே நீதிமானாகத் தெரியும் அரசியல்வாதி ஒருவன் எப்படி அழுகிப்போகிறான் என்பது. 'கன்ட்ரோல்' (2002) கள்ள உறவும் பணமும் கொலையும் கலந்த இன்னொரு கதை. பதினைந்து வயதில் 'கன்ட்ரோல்' வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள், அது பெரியவர்களின் ஆல்பம். 2009இல் தன் சொந்தப் பெயரில் 'கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்' வெளியிட்டார், விசுவாசத்தை விட்டு வெளியே வந்ததைப் பற்றிய ஆல்பம். கேட்டால் தெரியும், அதில் வெற்றிக் குரல் கிடையாது. நம்பிக்கை போனபிறகும் கடவுளோடுதான் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்.

பிறகு பெட்ரோ த லயன் பெயரிலேயே திரும்பி வந்து, தான் வளர்ந்த ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து 'ஃபீனிக்ஸ்' (2019), 'ஹவாசு' (2022), 'சாண்டா க்ரூஸ்' (2024) என்று எழுதிக்கொண்டு போகிறார். வீடு மாறிக்கொண்டே இருந்த ஒரு பையன், புதுப் பள்ளிக்கூடம், புது சபை, முதல் டிரம் செட். உங்கள் வயதுக்கு இந்த மூன்றும் நன்றாகப் பொருந்தும். நான் பசானைத்தான் இந்த இசையின் மையமாக நினைக்கிறேன், ஏனென்றால் எந்த வயதிலும் அவர் தெரியாததைத் தெரிந்த மாதிரி பாடவில்லை.

ஆகையால் 'இவர் இன்னும் கிறிஸ்தவரா?' என்று ஒவ்வொரு பாடகரையும் சோதித்துப் பட்டியல் போடாதீர்கள். பின்மாறிப் போனவர் என்று ஒரு ஆளை அழித்துவிட்டு அவருடைய பழைய பாட்டை மட்டும் வைத்துக்கொள்வதும் சரியில்லை, அவர் வெளியே போனதைக் காரணம் காட்டி உங்கள் விசுவாசத்தை நீங்கள் தூக்கிப் போடுவதும் தேவையில்லை. அவர் வழி அவருடையது, அவர் பாடிய ஜெபம் அந்த நாளில் உண்மையாகத்தான் இருந்தது. தி ஜூலியானா தியரி மாதிரி டூத் அண்ட் நெயிலில் இருந்துகொண்டே 'எங்களைக் கிறிஸ்தவ பேண்ட் என்று சொல்லாதீர்கள்' என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர்களும் உண்டு.

பெற்றோருக்கு

பிள்ளை கேட்பது என்ன என்று தெரியாமல் தடை போடாதீர்கள், ஒரு பாட்டின் வரிகளை வாங்கிப் படியுங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை நாம் சபையில் வாசிக்கிறோம். 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதாகமத்தில்தான் வைத்திருக்கிறோம். இந்தப் பையன்கள் பாடுவது அந்த வழியில்தான். ஆராதனைப் பாடல்கள் பெரும்பாலும் துதியோடு நின்றுவிடுவதால் துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாட ஒன்றுமில்லாமல் போகிறது, அந்த வெற்றிடத்தை இது நிரப்புகிறது.

அதே நேரம் பிள்ளை பேசாமல் ஒடுங்கிப்போனால், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற அறிகுறி தெரிந்தால், பாட்டைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்காமல் உதவி தேடுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. ஃபுளோரிடாவில் 2006இல் தொடங்கிய 'டு ரைட் லவ் ஆன் ஹெர் ஆர்ம்ஸ்' என்ற, இப்படித் தவிப்பவர்களுக்கு உதவும் அமைப்பு இதே இசை வட்டத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. இந்தக் கலைஞர்கள் அதன் பனியனைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள். வலியைப் பாடுவதும் உதவி கேட்பதும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தது.

அடுத்ததை நீங்களே கண்டுபிடிக்க

சி.டி. காலத்தில் ரசிகர்கள் அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். பொடி எழுத்தில் நன்றிப் பட்டியல் இருக்கும். முதலில் இயேசுவுக்கு நன்றி, அப்புறம் அம்மா அப்பா, பிறகு கூடச் சுற்றிய பேண்ட்களின் பெயர் வரிசையாக. அந்த வரிசைதான் அடுத்து வாங்க வேண்டிய பட்டியல். இன்று டிஸ்காக்ஸ் தளத்தில் பல ஆல்பங்களுக்கு யார் பாடினார்கள், யார் தயாரித்தார்கள் என்ற விவரம் கிடைக்கிறது, அட்டைப் படங்களும் சில சமயம் இருக்கும். தயாரிப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது நல்ல வழி. ஏரன் ஸ்பிரிங்கிள் பெயரைத் தேடினால் ஆன்பர்லினும் எமரியும் இன்னும் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். எமரியின் மேட் கார்ட்டர் நடத்தும் 'லேபிள்ட்' பாட்காஸ்டில் டூத் அண்ட் நெயில் கலைஞர்களே தங்கள் கதையைச் சொல்கிறார்கள், ஆங்கிலம் புரிந்தால் அவசியம் கேளுங்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இது பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்களின் உலகம். பழைய பாட்டுகள் சிலவற்றில் காதலில் தோற்ற கோபம் முழுக்க அந்தப் பெண் மீதே கொட்டப்படும், அதைக் கேட்கும்போது அப்படியே விழுங்காதீர்கள். பெண்களின் குரலைத் தேடிப் போங்கள். டெக்சஸின் ஐஸ்லி குடும்பத்தாரின் 'ரூம் நாய்சஸ்' (2005) இருக்கிறது. டென்னசியின் பாரமோரில் ஹேலி வில்லியம்ஸ் இருக்கிறார். அந்த பேண்டிலிருந்து 2010 இறுதியில் இரு சகோதரர்கள் விலகியபோது பாட்டு வரிகளில் விசுவாசம் பற்றிய கருத்து வேறுபாட்டையும் ஒரு காரணமாக வெளிப்படையாகச் சொன்னார்கள். இவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தவர் ஜூலியன் பேக்கர், டென்னசியின் மெம்ஃபிஸ் பக்கம் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர், தன்பால் ஈர்ப்புள்ளவர், மீவிதவுட்யூவையும் அண்டர்ஓத்தையும் கேட்டு வளர்ந்ததாகச் சொல்பவர். 'ஸ்ப்ரெய்ன்ட் ஆங்கிள்' (2015) ஆல்பத்தில் அநேகமாக ஒரு கிட்டாரும் ஒரு குரலும்தான். தன்னைக் கடவுள் கேட்கிறார் என்று நம்பி, அதே மூச்சில் அவரிடம் கோபப்படவும் செய்கிறார். மற்ற எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர்களுக்கு இது புதிய கதவு, எதையும் கேட்காதவர்களும் நேராக இதற்குப் போகலாம்.

கிட்டார் கையில் இருந்தால்

வாசித்துப் பார்க்காமல் இந்த இசை முழுதாகப் பிடிபடாது. பெட்ரோ த லயனிலிருந்து தொடங்குங்கள், வேகம் குறைவு, கார்ட் சுலபம். வாலிபர் கூட்டத்தில் வாசிக்கிற அதே ஜி, சி, டி கைக்கு வந்தாலே போதும். அடுத்து டிராப் டி. ஆறாவது கம்பியை, அதாவது தடித்த இ கம்பியை, டி வரை தளர்த்துங்கள். நாலாவது கம்பியும் டி என்பதால் இரண்டையும் சேர்த்துத் தட்டி ஒத்துப் பார்க்கலாம். இப்போது தடித்த மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் எந்தக் கட்டத்தில் அழுத்தினாலும் ஒரு பவர் கார்ட் கிடைக்கும். கனமான பேண்ட்களின் ஓசை பாதி இதிலிருந்து வருகிறது.

அப்புறம் ஒரு பயிற்சி. நாலு கார்டை எடுத்துக்கொண்டு, முதல் சுற்றில் கம்பிகளை ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டுங்கள். அடுத்த சுற்றில் அதே நாலு கார்டை முழுக் கையால் ஓங்கி அடியுங்கள். திரும்ப அடங்குங்கள். கார்டை மாற்ற வேண்டாம், வேகத்தையும் மாற்ற வேண்டாம், அழுத்தம் மட்டும் மாறட்டும். மினரல் பாட்டுகளில் நிறைய இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இது கைக்கு வந்ததும் மேலே ஏதாவது ஒரு வரியைச் சொந்தமாக எழுதிப் பாடிப் பாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.